சிமுலேட்டர் மணி தனி, பறந்த மணி தனி

கேள்வி: பைலட் பயிற்சியில் இருக்கும் என் மகள், சிமுலேட்டரில் (தரையிலேயே பறப்பதுபோல் பழகும் இயந்திரம்) பயின்ற 5 மணியையும் லாக்புக்கில் (பைலட் தன் பறப்புகளை எழுதும் பதிவேடு) மொத்தப் பறப்பு நேரத்தோடு கூட்டிவிட்டாள். இது சரியா?
- வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சரியில்லை அம்மா. பறப்பதற்காக விமானம் முதலில் நகர்ந்த நொடியிலிருந்து, இறங்கி முழுதாக நிற்கும்வரை உள்ளதே பறப்பு நேரம். சிமுலேட்டர் மணியை அதற்கான தனிக் கட்டத்தில், சிமுலேட்டரின் வகையோடு எழுத வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸுக்கான 10 மணி கருவிப் பயிற்சியில் (வெளியே பார்க்காமல், விமானத்தின் மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டுவது) அதிகபட்சம் 5 மணி வரை அது செல்லும்.

தவறான எண்ணை வெள்ளை மை பூசி மறைக்கவே கூடாது; திருட்டுத்தனமாகத் தெரியும். ஒற்றைக் கோடு போட்டு, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடட்டும். பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான்: அடுத்தடுத்த பக்கங்களுக்குக் கொண்டுபோன மொத்தங்களையும் திருத்த வேண்டும்.

கூட்டும்போது 1.20, 1.50 எனப் புள்ளி வைத்தால் 2.70 என்று வரும். உண்மையான விடை 3 மணி 10 நிமிடம். யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதினால் தேதியையும் பாருங்கள். நம்மூர் விடிகாலை 5:15 என்பது முந்தைய நாள் 23:45. விமானத்தின் பதிவேட்டோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்ட பிறகே பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.