யோசனை வரவில்லையே! – தொழில் கேள்வி பதில்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்தத் தொழில் தொடங்க ஆசை. ஊக்கமூட்டும் காணொளிகளைப் பார்த்தால் இரண்டு நாள் உற்சாகம் இருக்கிறது, பிறகு வடிந்துவிடுகிறது. உருப்படியான யோசனை எதுவும் தோன்றவில்லை. என்ன செய்யலாம்?
– மாணவி, உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் காணொளிகளை நிறுத்துங்கள். அவற்றில் வெற்றி இருக்கும். யாரிடம், என்ன விலைக்கு முதலில் விற்றார்கள் என்பது இருக்காது. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

இரண்டு வாரத்துக்கு, யாராவது சலித்துக்கொள்வது காதில் விழும்போதெல்லாம் கைப்பேசியில் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: சலித்துக்கொண்டவர் யார், இப்போது எப்படிச் சமாளிக்கிறார், அதற்கு எவ்வளவு காசோ நேரமோ போகிறது. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அது வெறும் புலம்பல், விட்டுவிடலாம். இதுவரை யாரும் செலவழிக்காத சிக்கலுக்கு உங்களிடம் வந்து செலவழிக்க மாட்டார்கள்.

எடுத்துக்காட்டாக, புடவை. தீபாவளி நேரத்தில் உங்கள் வகுப்புத் தோழிகளில் பலர் புடவை கட்டத் தெரியாமல் அத்தையைத் தேடுவார்கள், அல்லது விடியற்காலையில் அழகு நிலையத்தில் காத்திருப்பார்கள். முன்கூட்டியே மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கட்டிக்கொள்ளலாம். இது தொழிலாகுமா? “இப்படி ஒரு சேவை இருந்தால் வாங்குவீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். முகம் கோணக்கூடாதென்று எல்லாரும் “நல்லா இருக்கே” என்பார்கள். நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாகப் புடவை கட்டியது எப்போது, யார் கட்டிவிட்டார்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்? பத்துப் பேரிடம் விசாரித்த பின், ஐந்து பேருக்கு மட்டும் இடம் என்று அறிவித்து, ஆளுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணத்தை பேநவ் என்னும் மின்பணமாற்றுச் சேவையில் வாங்குங்கள். பாராட்டியவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் காணாமல் போவார்கள். மிஞ்சுகிறவர்கள்தான் சந்தை.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. உயரம், இடுப்பளவு, அன்றைக்குப் போடப்போகும் காலணியின் குதி உயரம் மூன்றையும் கேட்காமல் மடித்தால் புடவை கணுக்காலுக்கு மேலே நிற்கும். சரிகை மேல் நேரடியாக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் கருகிவிடும். மேலே பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். அடுத்தவர் பட்டுப்புடவை பாழானால் அந்த ஆண்டு லாபம் முழுதும் அதற்கே போகும். தை, ஆவணி முகூர்த்தங்களிலும் தீபாவளிக்கும் கூட்டம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் இவையெல்லாம் ஐந்து புடவைகளிலேயே தெரிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் சிறிதாகத் தொடங்கின. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ 1981ல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, முதலில் பேர்ல்ஸ் சென்டரில் இருந்த ஒரு கணினி பழுதுபார்ப்புக் கடை. அதற்குப் பெயர் வாங்கித் தந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கணினி ஒலி அட்டை 1989ல்தான் வந்தது. கரோசெல் செயலியை 2012ல் தொடங்கிய மூவரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள். பழைய பொருளை இணையத்தில் விற்பது பெரும் தொல்லையாக இருந்த காலத்தில், கைப்பேசியில் படமெடுத்து அப்படியே விற்க வழி செய்தார்கள். அதன் முதல் வடிவம் ஒரு வார இறுதிப் போட்டியில் உருவானது.

வேலைப் பயிற்சிக்குப் பெரிய பெயரைத் தேடாமல், பத்துப் பேருக்குள் இருக்கும் நிறுவனமாகப் பாருங்கள். விலைப்பட்டியல் போவதும், பணம் தாமதமாக வருவதும், வாடிக்கையாளர் திட்டுவதும் உங்கள் மேசைக்கே வரும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் நானும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முறுக்கு சுட்டு விற்கலாம் என்று இருக்கிறோம். அனுமதி வேண்டுமா? அரை கிலோ போத்தலை 8 வெள்ளிக்குக் கொடுத்தால் கட்டுமா?
– இல்லத்தரசி, ஈசூன்

பதில்: வீட்டில் சிறிய அளவில் செய்து வாடிக்கையாளரிடம் நேரடியாக விற்க வீவகவிடமோ சிங்கப்பூர் உணவு அமைப்பிடமோ உரிமம் வாங்கத் தேவையில்லை. வெளியாட்களை வேலைக்கு அமர்த்தக்கூடாது, விளம்பரப் பலகை கூடாது, அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் கூடாது. புகையும் எண்ணெய் வாடையும்தான் முதல் புகாரைக் கொண்டுவரும் என்பதை நினைவில் வையுங்கள். தேக்காவில் (லிட்டில் இந்தியா) கடைகளுக்குப் போடலாமா என்று அடுத்து ஆசை வரும். அதற்கு உரிமம் பெற்ற சமையற்கூடம் வேண்டும்.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. மாவும் எண்ணெயும் 3.20, போத்தலும் ஒட்டுச்சீட்டும் 1.05, எரிவாயு 0.40, மொத்தம் 4.65. உடைந்ததற்கும் கருகியதற்கும் பத்து விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 5.12. எட்டு வெள்ளியில் லாபம் போலத் தெரிகிறதா? நாற்பது போத்தலுக்கு இருவர் உழைப்பும் சேர்ந்து 16 மணி நேரம் ஆனால், மணிக்கு 10 வெள்ளி வீதம் ஒரு போத்தலுக்கு 4 வெள்ளி. அடக்கவிலை 9.12. எட்டுக்கு விற்றால் ஒவ்வொரு போத்தலுக்கும் கையிலிருந்து ஒரு வெள்ளிக்கு மேல் போகும். உங்கள் வீட்டு எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். “நம்ம உழைப்புதானே” என்று அந்த 4 வெள்ளியை விட்டுவிடுவதால்தான் தீபாவளி முடிந்ததும் பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: திருச்சியிலிருந்து மாணவர் அனுமதி அட்டையில் வந்து படிக்கிறேன். இணையத்தில் துணி விற்கலாமா?
– மாணவர், கிளமெண்டி

பதில்: கூடாது. அந்த அட்டை படிப்புக்கானது, சொந்தத் தொழில் நடத்த அல்ல. நண்பர் பெயரில் பதிந்து நீங்கள் நடத்துவது இன்னும் ஆபத்து. முதல் பதிலில் சொன்னபடி பிறர் சிக்கல்களை விசாரித்துப் பட்டியல் போடுவதற்கு அட்டை தடையில்லை. விற்பனையை அதற்கேற்ற அனுமதி கிடைத்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். துணைப்பாட ஆசிரியர்களுக்கான செயலி ஒன்றைச் செய்கிறோம். உடனே நிறுவனம் பதியலாமா? ஒருவன் அடுத்த ஆண்டு தேசிய சேவைக்கு (கட்டாயச் சீருடைப் பணி) போகிறான்; பங்கை எப்படிப் பிரிப்பது?
– மாணவர், தெம்பனிஸ்

பதில்: பணம் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர்கூட இல்லாதபோது தனியார் நிறுவனம் வேண்டாம். பதிவுக்கு 315 வெள்ளி என்பது சிறு தொகைதான். ஆறு மாதத்துக்குள் செயலாளரை நியமிப்பது, ஆண்டறிக்கை தாக்கல் செய்வது என்று பின்தொடரும் செலவுதான் மாணவர்களை அழுத்தும். 18 வயது நிறைந்திருந்தால், அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தனியாள் வணிகம் செய்யப் பதிவே வேண்டாம். கடைப்பெயர் வைத்தாலோ, கூட்டாகச் செய்தாலோ பதிய வேண்டும்: பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுக்கு 100.

பங்கைச் சரிசமமாக எழுதி அன்றே கொடுத்துவிடாதீர்கள். நான்கு ஆண்டில் படிப்படியாக உரிமையாகும்படி, முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் விலகுகிறவருக்குப் பாதிதான். சேவையில் இருக்கும் காலம் கணக்கில் ஓடுமா, நிற்குமா என்பதை அவன் சீருடை போடும் முன்பே முடிவு செய்யுங்கள். சேவையின்போது வெளிவேலைக்கு மேலதிகாரியின் அனுமதி தேவை என்பதால் அன்றாடப் பொறுப்பு எதையும் அவனிடம் விட முடியாது. செயலியின் நிரல், இணைய முகவரி, இன்ஸ்டகிராம் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதி, மூவரும் கையெழுத்திடுங்கள்.