பேச்சு இருக்கட்டும், முதலில் விரலைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. ஒரு வயதில் 'அம்மா', 'தா' என்று சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் செல்போனில் பாட்டு போட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். ஏ, பி, சி, டி முழுக்கச் சொல்கிறான். "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான், நாக்குல வசம்பு தேய்ச்சா சரியாயிடும்" என்கிறார் மாமியார். ஆட்டிசமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா டாக்டர்? (வாசகி, நாமக்கல்)

பதில்: ஸ்கேனில் தெரியாதும்மா. ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு காட்டும் ஒரு வளர்ச்சி நிலை. தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும், ரத்தத்தைச் சோதித்தாலும் ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. வலிப்பு மாதிரி வேறு சந்தேகம் இருந்தால்தான் அந்தப் பரிசோதனைகளுக்கு வேலை. மற்றபடி குழந்தையோடு உட்கார்ந்து, எப்படி விளையாடுகிறான், யார் முகத்தைப் பார்க்கிறான், வேண்டியதை எப்படிக் கேட்கிறான் என்று கவனித்துத்தான் சொல்ல வேண்டும்.

சொன்ன வார்த்தை நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். பேச்சு தாமதமாவது வேறு, வந்த பேச்சு போவது வேறு. எந்த வயதிலும், பேசிய வார்த்தையோ காட்டிய டாட்டாவோ காணாமல் போனால் காத்திருக்கக் கூடாது. உங்கள் கணவர் மூன்று வயதில் பேசியிருக்கலாம். பேசுவதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். கூப்பிட்டால் திரும்பினாரா? சொன்னதை எடுத்து வந்தாரா? தாமதமாகப் பேசும் பல பிள்ளைகள் வாயைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அதனால்தான் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு விரலைப் பாருங்கள் என்கிறேன். ஒன்றரை வயதுக் குழந்தை மாடியில் காக்காவைப் பார்த்தால் விரலை நீட்டும், உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தக் காக்காவால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. தான் பார்த்ததை அம்மாவும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இந்தக் காட்டுதல் இருக்காது, அல்லது மிகவும் குறைவாக இருக்கும். பிஸ்கட் வேண்டுமென்றால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் டப்பாவின் மேல் வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். உங்கள் கை அவனுக்கு ஒரு குறடு மாதிரி.

என் அறையில் சோப்புக் குமிழி ஊதும் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டு முறை ஊதிவிட்டு, மூடியை இறுக்கித் திருகிக் குழந்தை கையில் கொடுத்துவிடுவேன். ஒரு குழந்தை திறக்கப் பார்த்து, முடியாமல், டப்பாவை நீட்டி என் முகத்தைப் பார்த்து 'ஊம்' என்னும். இன்னொன்று என் விரல்களை எடுத்து மூடியின் மேல் வைக்கும், கண் முழுக்க டப்பாவிலேயே இருக்கும். இதை ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் கேள்விகள் அங்கிருந்துதான் தொடங்கும்.

பாட்டுக்கு ஓடி வருகிறான், அதனால் காது கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சில சுருதிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. ஆகவே முதல் வேலை காதுப் பரிசோதனை. 'பெரா' என்பார்கள், தூங்க வைத்து எடுப்பது, வலிக்காது. ஏ, பி, சி, டி சொல்வது நினைவாற்றல். தண்ணீர் வேண்டும்போது அவன் என்ன செய்கிறான் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து 'எம்-சாட்' என்ற கேள்வித்தாள். 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு, 20 கேள்விகள். உங்கள் மகனுக்கு 27 மாதம், சரியான வயது. மதிப்பெண் 3 முதல் 7 வரை வந்தால் துருவிக் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரே முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இது சல்லடைதான், முடிவு இல்லை. வீட்டில் நீங்களாகவே நிரப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. "விரலால் காட்டுவானா?" என்று கேட்டால் கையை இழுத்துப் போவதையும் சேர்த்து "ஓ, காட்டுவானே" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் எதிரில் இருந்தால் நல்லது.

அப்புறம் குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் முழு மதிப்பீடு. பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி.' எங்கே என்று கேளுங்கள். பிறப்பு முதலான வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே பார்ப்பதற்கான மாவட்ட மையம் அது, கட்டணம் கிடையாது. அனுபவமுள்ளவர் பார்த்தால் இரண்டு வயதிலேயே பெரும்பாலும் நம்பகமாகச் சொல்லிவிடலாம். "மூணு வயசு ஆகட்டும், பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், டாக்டரே சொன்னாலும், இன்னொருவரிடம் காட்டுங்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆனாலும், பேச்சுப் பயிற்சியை அதுவரை நிறுத்திவைக்க வேண்டிய அவசியமில்லை. கடைசியில் ஆட்டிசம் இல்லை என்று வந்தால் பயிற்சியால் நஷ்டம் எதுவும் இல்லை.

செல்போனால் ஆட்டிசம் வராது. நீங்கள் வளர்த்த விதத்தாலும் வராது. பெரும்பகுதி மரபணு சார்ந்தது. ஆனாலும் போனைக் குறையுங்கள், அந்த நேரம் உங்களுக்கு வேண்டும். ஊஞ்சலில் வைத்து நாலு முறை ஆட்டுங்கள், சட்டென்று நிறுத்துங்கள், எதிரில் அவன் கண்மட்டத்துக்குக் குனிந்து காத்திருங்கள். அரைநொடி உங்களைப் பார்த்தாலும் போதும், உடனே ஆட்டுங்கள். ஒரு நாளைக்குப் பத்து தடவை. போனை மூடிவிட்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பரிசோதனையும் இதுவும் ஒன்றாகவே நடக்கட்டும்.

வசம்பு வேண்டாம். பேச்சு வர நாக்குக்கு அடியில் வெட்டிவிடலாம் என்பார்கள், அதுவும் இதற்குத் தீர்வு இல்லை. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது பலன் தரும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை.

டாக்டரிடம் போகும்போது போனில் இரண்டு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, அவன் இப்போது தனியாக விளையாடுவது, மூன்று நிமிடம் போதும். இன்னொன்று, முதல் பிறந்தநாள் வீடியோ. கேக் வெட்டும்போது பத்து பேர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அன்று அவன் திரும்பிப் பார்த்தானா என்று நாங்கள் பார்க்க வேண்டும்.