பங்குனி மாதத்தில் பறவை பார்க்கப் போவது வீணா?

"சீசன் முடிஞ்சு போச்சு, இனி டிசம்பர்லதான்" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை நம்பாதீர்கள். ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் பங்குனியில் ஒரு நாளைத்தான் கேட்பேன்.

எனக்குத் திருநெல்வேலி. போன வருடம் மார்ச் கடைசியில் தம்பியோடு பைக்கில் விடியும்போதே கூந்தன்குளம் போய்விட்டேன். 1994-ல்தான் அது சரணாலயம். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள், தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. தெருவுக்குள் நிற்கிற மரங்களிலேயே சங்குவளை நாரைகளின் கூடு. அடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். திண்ணையில் இருந்த ஆச்சி, "சத்தம் காட்டாதீய தாயி, மேல குஞ்சு கெடக்கு" என்றார். அப்புறம் நாங்கள் வாயே திறக்கவில்லை. வெயில் ஏற ஏறத் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்ததை அங்கேதான் பார்த்தேன். ஜனவரியில் போயிருந்தால் அது ஏது?

வரித்தலை வாத்துகள் இமயமலை தாண்டக் கிளம்பிவிட்டிருந்தன, உண்மைதான். எண்ணிக்கைதான் முக்கியம் என்பவர்கள் ஜனவரியிலேயே போகட்டும், நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் தூத்துக்குடி உப்பளம். குளிர்காலத்தில் உப்புக்கொத்தி, உள்ளான் போன்ற சின்னக் கரைப்பறவைகள் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோல இருக்கும், புதிதாகப் பார்க்கிறவர்கள் திணறிப்போவார்கள். மார்ச்சில் ஊர் திரும்புவதற்கு முன் இறகு மாற்றுகின்றன. மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. பக்கத்திலேயே வளைந்த அலகுள்ள உள்ளான்கள், பாதி உடம்பு சிவப்பு, பாதி இன்னும் சாம்பல். அவை சைபீரியாவின் வடகோடிக்குப் போய் முட்டையிடுபவை. எல்லாப் பறவையும் நிறம் மாறாது, முதல் வருடக் குஞ்சுகள் பல இங்கேயே தங்கிவிடும் என்று யாராவது திருத்த வருவீர்கள். தெரியும். நான் சொல்வது முழுதாக வளர்ந்த பறவைகளைப் பற்றி.

அத்தனை தூரம் பறக்கக் கொழுப்புச் சேர்க்கிற நேரம் இது. பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தைத் துரத்தி எழுப்பிய இருவரைப் பார்த்து வயிறு எரிந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்த வருடம் எனக்கு லீவு இல்லை. கணக்கு முடிக்கிற மாதமாம். அதே மார்ச்சில் கிரிக்கெட் பார்க்கச் சென்னை போகிறேன் என்றவருக்கு உடனே கையெழுத்து. பறவை பார்க்க என்றால் மட்டும் "அதுக்கெல்லாமா லீவு?" என்று ஒரு சிரிப்பு. ஒரு பெண் கேட்டதால்தான் அந்தச் சிரிப்பு என்பேன், யார் கோபித்தாலும் சரி.

நீங்கள் லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உப்பளத்தில் இறங்குவதற்கு முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாத்தி வரப்பை மிதித்து உடைத்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.