நண்பகல் வரை யாரும் கூப்பிட வேண்டாம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டு ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கும் பிரிவு அது. என் கீழ் 9 பேர். எல்லோரும் உழைப்பாளிகள். ஆனாலும் இரவு எட்டரை, ஒன்பதுக்கு முன்னால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. லேப் டிப் (வாங்குபவரின் ஒப்புதலுக்கு அனுப்பும் சாய மாதிரி) தள்ளிப்போகிறது, சாம்பிள் தள்ளிப்போகிறது, ஷிப்மென்ட்டுக்கு முந்தைய வாரம் முழுக்க ஓட்டம்தான். நேர மேலாண்மைக்கு ஒருநாள் பயிற்சி வைத்தோம். ஆளுக்கொரு பிளானர் டைரியும் கொடுத்தோம். இரண்டு வாரம் எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார், குழந்தை சின்னது. அவருடைய ஆர்டர் எதுவும் இதுவரை தாமதமானதில்லை, ஆனால் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். இவர்களுக்கு நேரத்தின் அருமையை எப்படிப் புரியவைப்பது? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இரவு ஒன்பது மணி வரை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நேரத்தின் அருமையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் ஆட்களுக்குக் கிடைக்காதது, யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம். அதை டைரி தராது. ஒருவர் தனியாக முயன்றாலும் கிடைக்காது. ஒன்பது பேரும் நீங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் மட்டுமே கிடைக்கும்.

எழுத வருவதற்கு முன் நானும் சில ஆண்டுகள் உங்கள் ஊரில் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு மெர்ச்சண்டைசரின் காலை எப்படிப் போகும் என்று தெரியும். ஆடையின் விவரமெல்லாம் உள்ள டெக் பேக்கைத் திறந்து அளவுப் பட்டியலைச் சரிபார்க்க உட்காருவார். சாயப்பட்டறையிலிருந்து போன் வரும்: "ஷேடு கொஞ்சம் டார்க்கா வருது, ஓட்டலாமா?" அதை முடித்து நிமிர்ந்தால் கட்டிங் மாஸ்டர் வந்து ரிப் துணி இன்னும் வரவில்லை என்பார். அப்புறம் வாட்ஸப் குரூப்பில் நீங்கள் கேட்பீர்கள், "ஸ்டேட்டஸ் என்ன?" அதற்குப் பதில் சொல்ல அவர் நான்கு பேரைக் கூப்பிட வேண்டும். அந்த நான்கு பேருடைய வேலையும் அங்கே நிற்கும். திரும்ப அளவுப் பட்டியலுக்கு வரும்போது எந்த வரியில் விட்டோம் என்பதே மறந்திருக்கும். அந்த இடத்தில்தான் மார்பளவு ஒரு சென்டிமீட்டர் தப்பாகப் போகும். அளவு பார்க்க அனுப்பும் ஃபிட் சாம்பிள் ரிஜெக்ட் ஆகும், புதிதாகத் தைத்து கூரியரில் அனுப்பிப் பதில் வருவதற்குள் பத்து நாள் ஓடிவிடும்.

லெஸ்லி பெர்லோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். 1999-இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. கலர் லேசர் பிரின்டருக்கு மென்பொருள் எழுதிய 17 பொறியாளர்கள் கொண்ட ஒரு குழுவைப் பற்றியது. பகல் முழுக்க ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தங்கள் சொந்த வேலையை விடிகாலையிலும் இரவிலும் சனி ஞாயிறிலும் செய்தார்கள். அந்தக் கேள்விகள் வீண் பேச்சும் இல்லை, பெரும்பாலும் உதவியானவைதான். ஆனால் அந்த நிமிடமே கேட்டாக வேண்டியவை கொஞ்சம்தான். பெர்லோ அவர்களோடு சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார். வாரத்தில் மூன்று நாள், காலையிலிருந்து நண்பகல் வரை யாரும் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. அந்த பிரின்டர் குறித்த நாளில் சந்தைக்கு வந்தது. அவர்களிடம் அது வழக்கமில்லாத விஷயம்.

உங்களுக்கு இதில் ஒரு இயற்கையான வசதி இருக்கிறது. ஜெர்மனி கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை. சரக்கு வாங்கும் பையர் அங்கே காலை 9 மணிக்கு மேசைக்கு வரும்போது இங்கே பகல் 12.30 அல்லது 1.30. இங்கிலாந்து இன்னும் ஒரு மணி நேரம் தள்ளி. அதுவரை ஐரோப்பாவிலிருந்து ஒரு மெயிலும் வரப்போவதில்லை. காலை முழுக்கத் தொந்தரவு செய்வது நாமேதான். ஆகவே 9.30 முதல் 12 மணி வரை டெக் பேக், காஸ்டிங் (விலைக் கணக்கு), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) கமென்ட் போன்ற தலை வேண்டிய வேலைகள் நடக்கட்டும். முறை வைத்து ஒருவர் மட்டும் எல்லோருடைய போனையும் எடுக்கட்டும். சாயப்பட்டறைக்கு மட்டும் விலக்கு வேண்டும். அங்கே மெஷின் நிற்கும்போது ஷேடு முடிவைப் பன்னிரண்டு மணி வரை தள்ள முடியாது. அதனால் போன் எடுக்கிறவருக்கு அந்த முடிவைச் சொல்லும் அதிகாரத்தையும் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க பையரைப் பார்க்கிறவர்களின் கணக்கு வேறு. அங்கே விடியும்போது இங்கே மாலை ஆகிவிடும். அவர்களைக் காலையில் தாமதமாக வரச் சொல்லுங்கள்.

சரி, இதைவிட முக்கியமான ஒன்று. பெர்லோ ஆய்வை முடித்துக் கிளம்பியதும் அந்த ஏற்பாடு மெல்லக் கலைந்துபோனது. நெருக்கடியில் ராத்திரி பகலாக நின்று காப்பாற்றியவரைக் கொண்டாடும் வழக்கம் அங்கே மாறவே இல்லை என்பது காரணம். உங்கள் அலுவலகத்தையும் கொஞ்சம் பாருங்கள். விடிய விடிய பேக்கிங் முடித்து, லாரி ஏற்றி, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்கும் கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு முன் கன்டெய்னரை உள்ளே விட்டவருக்கு மறுநாள் கைதட்டல் கிடைத்திருக்கும். அது நியாயம்தான், அவர் தூங்காமல் உழைத்தார். ஆனால் மூன்று நாள் முன்னதாகவே சத்தமில்லாமல் சரக்கை அனுப்பியவரை யாராவது கவனித்தார்களா?

அப்படி ஒருவரைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர் எதுவும் தாமதமாகவில்லை, ஆறு மணிக்குக் கிளம்புகிறார். அவருடைய ஆர்டர்கள் மற்றவர்களுடையதைப் போலவே கனமானவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால், அந்த முணுமுணுப்புக்கு உங்கள் மௌனமே இடம் கொடுக்கிறது. எந்த வேலையை எப்போது செய்கிறார், எதை முன்கூட்டியே கேட்டு வாங்கிவைக்கிறார் என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டுங்கள். நீங்களும் வாரத்தில் சில நாளாவது ஆறு மணிக்குக் கிளம்புங்கள். தலைவர் எழாமல் மற்றவர்கள் எழ மாட்டார்கள்.

தேதி விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோஜர் பியூலரும் இன்னும் இரு உளவியலாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்கூட 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். "நாளைக்கு முடிஞ்சிரும்" என்று உங்கள் ஆட்கள் சொல்வதிலும் பொய் இல்லை, மனம் அப்படித்தான் கணக்குப் போடும். அதனால் டி அண்ட் ஏ காலண்டர் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) போடும்போது எத்தனை நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். கடைசிப் பத்து ஆர்டரில் லேப் டிப் அப்ரூவலுக்கு நிஜமாக எத்தனை நாள் ஆனது என்று பழைய மெயில்களிலிருந்து எடுத்து அதையே போடுங்கள்.

இதையெல்லாம் முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று நினைப்பீர்கள். காலை பதினோரு மணிக்கு அவரே பிரிவுக்குள் வந்து சத்தமாக ஸ்டேட்டஸ் கேட்பவராக இருக்கலாம். அவரிடம் நேர மேலாண்மை என்று தொடங்காதீர்கள். நம் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டு, நம் செலவில் விமானத்தில் அனுப்பிய சரக்குகளின் பில்களைக் கடந்த ஓராண்டுக்கு எடுத்து அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் முதல் தாமதம் எங்கே விழுந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு போய் ஆறு வாரம் மட்டும் கேளுங்கள், வாரத்தில் மூன்று காலை போதும் என்று சொல்லுங்கள். அதற்கு முன்பே, இன்றைக்கே, அந்த வாட்ஸப் குரூப்பில் நண்பகலுக்கு முன் எதுவும் கேட்பதில்லை என்று நீங்கள் முடிவுசெய்துகொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அன்புடன்.