வாசகர் கேள்வி: கைப்பேசியை வைத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கலாமா?

கேள்வி: மாமனார் காலத்துப் பியானோ பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. இப்போது மகள் வாசிக்க ஆசைப்படுகிறாள். கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு அதிகம். கிடார் வாசிக்கும் என் மகன், கைப்பேசிச் செயலியை வைத்துத் தானே சரிசெய்துவிடுவதாகச் சொல்கிறான். விடலாமா ஐயா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கிடார் செயலி என்றால் விடாதீர்கள், அம்மா. பியானோவுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் என்றால் விடலாம், பையனுக்குப் பொறுமை இருந்தால்.

கிடாரில் ஆறு தந்தி. பியானோவில் 88 கட்டை, சுமார் 220 தந்தி. எண்ணிக்கைகூடப் பெரிதில்லை. பியானோத் தந்தி விறைப்பான எஃகு. ஒரு தந்தியைத் தட்டும்போது அதன் சுரத்தோடு கூடவே மெல்லியதாக எழும் மேற்சுரங்கள் கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தைவிடச் சற்று மேலே போய் நிற்கும். அவற்றோடு மேல்கட்டைகள் ஒத்துப்போக வேண்டுமானால் ஒவ்வொரு ஸ்தாயியையும் கொஞ்சம் அகட்ட வேண்டும். நன்றாகச் சுருதி சேர்த்த பியானோவில் பாஸ் என்னும் கீழ்ச்சுரங்கள் கணக்கைவிடத் தாழ்ந்தும், உச்சிச் சுரங்கள் உயர்ந்தும் இருப்பதை ரெயில்ஸ்பேக் என்பவர் 1938-இலேயே அளந்து காட்டிவிட்டார். கிடார் செயலிக்கு இந்தச் சங்கதி தெரியாது. ட்யூன்லேப் போன்ற பியானோ மென்பொருள்கள் உங்கள் பியானோவின் சில தந்திகளைக் கேட்டு அதற்கேற்ற அளவைத் தாமே கணக்கிடும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான என்ட்ரோபி பியானோ ட்யூனர் இலவசம். 88 கட்டையையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்த பிறகுதான் வாய் திறக்கும். நான் காதை நம்பித் தொழில் கற்றவன். ஆனாலும் தகரக் கூரையில் மழை கொட்டும்போது திரையைப் பார்த்து வேலை செய்ய எனக்கு வெட்கமில்லை.

நடுப்பகுதியிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள். இரண்டைக் கம்பளிப் பட்டையாலோ ரப்பர் ஆப்பாலோ அடக்கிவிட்டு, ஒன்றை மட்டும் மென்பொருளைப் பார்த்துச் சேருங்கள். மற்ற இரண்டையும் அதனோடு காதால் சேர்ப்பதே நல்லது. சிறிது விலகியிருந்தால் ‘வவ்... வவ்...’ என்று விம்மல் கேட்கும். திருகத் திருக அது மெதுவாகி நின்றுபோகும். இதற்குச் சங்கீத ஞானம் வேண்டாம்.

ஸ்பானர், குறடு எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. தந்தி சுற்றியிருக்கும் ‘பின்’ என்ற முறுக்காணியின் மூலைகள் மழுங்கிவிட்டால் பிறகு வருகிறவர் உங்களைத் திட்டுவார். அதற்கென்றே உள்ள ட்யூனிங் லீவரை வாங்குங்கள். மயிரிழை மேலே ஏற்றி, மெல்ல இறக்கி நிறுத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் திரை சரியென்று காட்டும், மகள் நாலு தடவை ஓங்கி வாசித்ததும் தந்தி நழுவிவிடும்.

பூட்டிக் கிடந்த பியானோவின் ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸில் இருக்காது. 430-க்கு இறங்கியிருந்தால் ஏறக்குறைய 40 சென்ட் குறைவு. ஓர் அரைச்சுரமே 100 சென்ட்தான். ஒரே சுற்றில் இது சரியாகாது. பின்னால் ஏற்றுகிற தந்திகளின் இழுப்பில், முன்னால் ஏற்றியவை இறங்கிவிடும். முதல் சுற்றில் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றச் சொல்லுங்கள். எவ்வளவு என்பதை நல்ல மென்பொருள் சொல்லும். தந்திகளின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கு மேல். துருப்பிடித்தது அறுந்து முகத்தில் அடிக்கலாம். பையன் பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும். பின்கள் பிடிப்பில்லாமல் சுழன்றால் செயலியை மூடிவிட்டுக் கோயம்புத்தூருக்கே போன் செய்யுங்கள்.

உங்கள் ஊரில் ஐப்பசி மழைதான் பெரிய மழை. ஈரத்தில் சவுண்ட்போர்டு, அதாவது தந்திகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை, உப்பி நடுப்பகுதிச் சுருதி ஏறும். தை மாதத்து வறண்ட குளிரில் இறங்கும். மழைக்கு நடுவே செய்த வேலை பொங்கலுக்குள் கெட்டுவிடும். ஜனவரிக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மென்பொருள் சரி என்று காட்டியும் காந்தாரம் மட்டும் என் காதுக்கு உயர்ந்தே கேட்கிறது. பிழை எதில்?
— ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை, உதகை

பதில்: எதிலும் இல்லை. தம்புராவின் ஸட்ஜத்தில் தானாக எழும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்துக்கு மேல் 386 சென்டில் நிற்கிறது. பியானோவில் எல்லா அரைச்சுரமும் சமம் என்பதால் அது 400. இந்த 14 சென்ட் உங்களை உறுத்தாவிட்டால்தான் ஆச்சரியம். பஞ்சமம் 702-க்கு 700, அதனால் தப்பித்தது. வேறு சுருதி முறைகளும் பல மென்பொருள்களில் உண்டு. ஒரு கட்டையை ஸட்ஜமாக வைத்துத் தூய காந்தாரம் அமைக்கலாம். ஸட்ஜத்தை மாற்றினாலோ சில கட்டைகள் ஊளையிடும். வீட்டில் மேற்கத்திய இசை வாசிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால் இந்த வம்பு வேண்டாம்.

கேள்வி: மழைக்காலத்தில் பியானோவுக்குள் பல்பு எரியவிடலாமா?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: விடலாம். குறைந்த வாட் குண்டு பல்பு, அடிப்பகுதியில், மரத்திலும் துணியிலும் படாமல். எல்இடி சூடு தராது. ஒரு நாள் எரித்து ஒரு நாள் அணைத்தால் மரம் உப்பியும் சுருங்கியும் இன்னும் கெடும், எனவே விடாமல் எரியட்டும். கணப்படுப்புப் பக்கம் பியானோவை நகர்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.