வெளிநாட்டில் இருந்தபோது நீங்கள் முதன்முதலாகத் தெரிந்துகொண்ட பண்டிகை எது?

கரங்காவோ.

இந்தப் பெயரைச் சொன்னதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "அது என்ன, கரகாட்டமா?" என்று கேட்டார்கள். அதே குழுவில் டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஹாலோவீன் பூசணிக்காய்ப் படம் போட்டால் மட்டும் இதயம் இதயமாக விழும். வளைகுடாவில் இருப்பவனுக்கு மணலையும் சம்பளத்தையும் தவிர வேறென்ன தெரியும் என்கிற நினைப்பு. நீங்களும் அமெரிக்காவை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். பரவாயில்லை.

2018 மே மாதக் கடைசி. தோஹாவில் அபூ ஹமூர் பக்கம், ஒரு வில்லாவைத் தடுத்துப் பிரித்த வீட்டில் குடியிருந்தோம். சுற்றிலும் கத்தாரிகளின் வீடுகள். நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் தலையில் ஜரிகை முக்காடு, பையன்கள் வெள்ளை அங்கிக்கு மேல் பூவேலை செய்த கையில்லாச் சட்டை, எல்லோர் கழுத்திலும் துணிப்பை. ஏதோ பாடிவிட்டுப் பையை விரித்தார்கள்.

நான் "நோ, நோ" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

கருமி என்று நினைக்காதீர்கள். ஏதோ வசூல் என்று நினைத்துவிட்டேன். அந்த வாரம்தான் கார் நிறுத்துவதில் பக்கத்து வீட்டோடு ஒரு தகராறு வேறு.

அடுத்த பகுதியில் இருந்த மலையாளி சேட்டன் தலையில் அடித்துக்கொண்டார். ரமலானின் 14-ஆம் இரவு, பாதி மாதம் நோன்பு கடந்ததற்குப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கடலையும் மிட்டாயும் வாங்குவார்களாம். பையில் அவை மோதிக்கொள்ளும் சத்தத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். 'எங்களுக்குக் கொடுங்கள், இறைவன் உங்களுக்குக் கொடுப்பான், மக்காவுக்கும் கூட்டிப்போவான்' என்பதுதான் பாட்டின் சாரம். குவைத்திலும் ஓமானிலும் இதற்கு வேறு பெயர்கள். அமீரகத்தில் ஒரு மாதம் முன்பே, ரமலானுக்கு முந்தைய ஷாபான் மாத நடுவில் கொண்டாடிவிடுவார்கள். ஹாலோவீன் காப்பி என்று யாரும் கிளம்ப வேண்டாம், அங்கே மால்களில் பூசணிக்காய் தலைகாட்டுவதற்கு வெகு காலம் முன்பே உள்ள வழக்கம் இது.

வீட்டில் சாக்லேட் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினேன். வானத்தில் முழு நிலா. பிறைக் கணக்கில் 14 என்றால் நமக்குப் பௌர்ணமிதானே. ஒரு பையன் அங்கேயே கடித்துப் பார்த்தான். போய் இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்தான். (கடலை ஒவ்வாமை பற்றிப் பாடம் எடுப்பவர்களுக்கு: அவர்கள் பையில் ஏற்கெனவே பாதி கடலைதான்.)

அடுத்த வருடம் தயாராக இருக்க நினைத்து, ஏப்ரலில் ஊரிலிருந்து திரும்பும்போது மூன்று கிலோ வாங்கினேன். விமான நிலையத்தில் 30 கிலோவுக்கு மேல் இரண்டு கிலோ கூடிவிட்டது. வரிசையில் அத்தனை பேர் முன்னால் பெட்டியைத் திறக்க வைத்தார்கள். கல்ஃபுக்குப் போகிறவன் என்றால் அந்தக் கவுன்ட்டர்களில் ஒரு தனிக் குரல் வரும், கேட்டவர்களுக்குத் தெரியும். வரும்போது எத்தனை கிலோ சாக்லேட் என்று சொந்தக்காரர்கள் கணக்குப் பார்ப்பார்கள், போகும்போது இவர்கள். கடலை மிட்டாய் முழுவதும் வழியனுப்ப வந்த தம்பி கையில் போய்ச் சேர்ந்தது.

அதனால் தோஹாவின் சூக் வாகிஃப் சந்தையில் கிலோ கணக்கில் கரங்காவோ கலவை வாங்கி வைத்தோம். அதே பையன் வந்தான், கொஞ்சம் வளர்ந்திருந்தான். பையில் போட்டதை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இரண்டு கையாலும் ஒரு சதுரம் காட்டி, "அது இல்லையா?" என்று கேட்டான்.