மறு: தட்டு முழுக்கப் பூஞ்சை, ஸ்ட்ரெப்டோமைசிஸ் வரவே இல்லை

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவை வளர்க்க வைத்த பெட்ரி தட்டுகளை மூன்றாம் நாளே பூஞ்சை மூடிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிறீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சோம்பேறி, 7 முதல் 14 நாள் விட வேண்டும்.

மண்ணை ஒரு வாரம் நிழலில் உலர்த்துங்கள். மற்ற பாக்டீரியா பெரும்பாலும் செத்துவிடும், இதன் வித்துகள் தாங்கும். வளர்ப்பு ஊடகமாக நியூட்ரியன்ட் அகார் வேண்டாம், ஸ்டார்ச் கேசீன் அகார் ஊற்றுங்கள். பூஞ்சையைத் தடுக்க அதில் நிஸ்டாட்டின் என்ற மருந்தைச் சேருங்கள் (அதுவும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்ததுதான்!).

இதன் காலனி (ஒரே இடத்தில் திரண்டு வளர்ந்த கூட்டம்) சுண்ணாம்புப் பொடி தூவியது போலிருக்கும். ஊசியால் கிள்ளினால் அகாரை விட்டு வராமல் அடம்பிடிக்கும். அந்தக் காலனிதான் உங்கள் ஆள். முகர்ந்து பார்க்காதீர்கள், மூடியைத் திறந்ததுமே மழை மண்வாசனை தானாக வரும்.

காட்டு மண்ணுக்கு அலைய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்துக்கு மூலமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்து மண்ணில் கிடைத்தது. கல்லூரித் தோட்டமே போதும்.